ஒரு சாயா

மலாயாவில், ஈப்போ சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சாயாக் கடை. ஜப்பான்காரன் காலத்தில், மூன்று முறை கொதித்த தேயிலைத் தூளோடு வறுத்த மரவள்ளிக் கிழங்கைச் சேர்த்து, அதைச் சாயா என்று நம்பவைத்து விற்றேன். விற்க முடியாத சரக்கு என்று ஒன்று இந்த ஷரபுதீனிடம் இருந்ததில்லை.

1943 செப்டம்பர் கடைசியில், சயாம் ரயில் பாதைக்கு ஆள் அனுப்பும் பட்டியலில் என் பெயர் ஏறியது. அதற்கு மேல் வரியில் ராமையா. எஸ்டேட்டில் பால் வெட்டியவர். ரப்பர் வாங்க ஆளில்லாமல் எஸ்டேட் படுத்ததும் பூங்காவில் புல் வெட்ட வந்தவர். சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார டாக்டருக்குக் குருவி காட்டித் திரிந்தவர். சயாம் போனவர்களில் திரும்பி வந்த முகம் எதையும் நாங்கள் அதுவரை பார்க்கவில்லை.

கடைக்கு வரும் ஜப்பானிய அதிகாரி ஒருவர் ஒருநாள் நோட்டைத் திறந்து ஒரு படம் காட்டினார். கறுப்புக் குருவி, உடம்பைவிட நீண்ட வால். அவர் ஊர்க் குருவியாம். குளிர் வருமுன் தெற்கே கிளம்பிவிடுமாம். இங்கே இறங்குகிறதா என்று அரைகுறை மலாயில் கேட்டார். காட்டினால் சயாமிலிருந்து விலக்குச் சீட்டு எழுதித் தருவதாகவும் சொன்னார். என் வீட்டுக் கோழியைப் பற்றிக் கேட்டதுபோல, தினமும் பார்க்கிறேன் என்றேன். எத்தனை சீட்டு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன் வாழ்நாளில் கேட்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

நேரே ராமையாவிடம் போனேன்.

"அவன் முன்னால நீ வாயத் தொறந்தா அறை விழும். கண்ணு உன்னோடது, வாய் என்னோடது. ரெண்டு பேருக்கும் நான் கேட்டு வாங்குறேன்லா."

ராமையா நம்பினார். நானும் அப்போது பொய் சொல்லவில்லை.

மறுநாள் பூங்காவில் அதிகாரியின் கடிகாரம் டோக்கியோ நேரப்படி எட்டரை காட்டியது. சூரியன் ஈப்போ நேரப்படி அப்போதுதான் எழுந்து வந்தது. பின்னால் வந்த ராமையா எட்டிப் பிடிக்குமுன்பே நான் விற்பனையைத் தொடங்கிவிட்டேன். வால் நீண்ட ஒரு கரிச்சானைக் காட்டினேன். அதிகாரி தலையை ஆட்டி மறுத்தார். குளத்தோரம் ஒரு வாலாட்டியைக் காட்டினேன். மூன்றாவதாக நான் காட்டியது காற்றில் ஆடிய மூங்கில் இலை. அதிகாரியின் முகம் இறுகியது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ராமையா என் கைலியைப் பிடித்து இழுத்தார். "வாலத் தேடாதீங்க அண்ணே. இந்த மாசத்துல அது உதுந்து போயிருக்கும். கண்ணப் பாருங்க, சுத்தி நீல வளையம் இருக்கும்."

அப்போதும் எனக்குத் தெரியவில்லை. என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிவிட்டார். நாற்பது முழத்துக்கு அப்பால், மூங்கில் நிழலில், கறுப்பாக ஒரு மொட்டைவால் குருவி. கண்ணைச் சுற்றி யாரோ நீலப் பென்சிலால் வட்டம் போட்டதுபோல் இருந்தது. நான் கை நீட்டினேன்.

அதிகாரி தூரக்கண்ணாடியை வெகுநேரம் இறக்கவில்லை. இறக்கியபோது குரல் மாறியிருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தபடி, யார் பார்த்தது என்று மலாயில் கேட்டார்.

"நாங்கன்னு சொல்லுங்க அண்ணே" என்றார் ராமையா, மெதுவாக.

நாங்கள் என்பதற்கு மலாயில் 'காமி' என்று ஒரு சொல் இருக்கிறது. இரண்டே எழுத்து. விலையைக் குறைக்க முடியாது என்று சொல்லும்போதெல்லாம் நான் 'காமி'தான்; கடையில் நான் ஒருவனே இருந்தாலும். ஆனால் அதிகாரியின் கையில் பேனாவைப் பார்த்ததும், இரண்டு கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்று தோன்றிவிட்டது.

"சாயா" என்றேன். மலாயில் அதற்கு 'நான்' என்று அர்த்தம். எஸ்டேட்டில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரிந்த சொல்.

அதிகாரி மடிப்பைப் பிரித்தார். உள்ளே இரண்டு சீட்டு. இரண்டிலும் முத்திரை குத்தியிருந்தது. ஒன்றில் என் பெயரை எழுதிக் கொடுத்தார். மற்றொன்றைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், வாய் என்னுடையதுதானே. பேச்சை மாற்றினால் கையில் இருப்பதும் போய்விடுமோ என்று சும்மா நின்றேன். குனிந்து வணங்கவும் செய்தேன்.

திரும்பும் வழியில் ராமையா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த ஜப்பான் தூவான் கையில ஒரு சீட்டுத்தான் இருந்துச்சா, அண்ணே?"

"ஒன்னுதான்லா, ராமையா."

நாற்பது முழத்துக்கு அப்பால் நீல வளையத்தைப் பார்த்த கண் அது.

"சரி அண்ணே" என்றார்.

கடைக்குக் கூட்டிவந்து, எனக்கென்று ஒளித்து வைத்திருந்த நல்ல தூளில் ஒரு கிளாஸ் போட்டுக் கொடுத்தேன். பொறுமையாகக் குடித்தார். கிளாஸை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமை ரயிலில் அவர் போனார். நான் வழியனுப்பப் போகவில்லை. கடையில் வேலை இருந்தது என்று என் மனைவி பல்கீஸிடம் சொன்னேன். அன்று கடைக்கு ஒருவரும் வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் என் கடையில் கிடைப்பதை மலாய்க்காரர்களைப் போல 'தே' என்றுதான் சொல்கிறேன். ஷரபுதீனுக்கு நாகரிகம் முற்றிவிட்டது என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். அவர்களில் யாராவது பழைய பழக்கத்தில், "அண்ணே, ஒரு சாயா" என்று கூப்பிட்டால் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.