வெளுத்த ஆட்டுக்கு மட்டும்

பட்டி கேட்டுல பூட்டைப் போட்டுட்டு சாவியை பூட்ஸுக்குள்ள தள்ளி விட்டா சுல்மா. அப்புறம் கேட்டு மேலயே சாஞ்சு நின்னுக்கிட்டா.

கேட்டுக்கு இந்தப் பக்கம் முன்னூத்தி இருபது செம்மறி. அந்தப் பக்கம் ஓடைக்கரை மேய்ச்சல், எட்டு மாசமா ஒரு ஆட்டுக் குளம்பு படாத புல்லு. அப்பா போனப்பறம் நிலமும் மந்தையும் அண்ணன் எவாரிஸ்தோவுக்கும் அவளுக்கும் சரி பாதி. கார்னிவல் திருவிழா முடிஞ்சதுல இருந்து பத்தொம்போது ஆடு செத்துப்போச்சு. வயித்துக்குள்ள ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற புழு அது. ஓட்டிக்கிட்டுப் போறப்பவே பொத்துனு விழும், அவ்வளவுதான்.

எவாரிஸ்தோ முதுகுல மருந்து டப்பாவை மாட்டிக்கிட்டு, கையில மருந்துத் துப்பாக்கியோட நின்னான். எல்லா ஆட்டு வாயிலயும் ஒரு பீச்சு, பீச்சின கையோட புது மேய்ச்சலுக்கு விரட்டுறது. உருகுவேயில ஆட்டுக்காரங்க காலங்காலமா செய்யறது அதுதான். குளிச்சிட்டு துவைச்ச சட்டை போட்டுக்கிற மாதிரி. கேக்க நல்லாத்தான் இருக்கும்.

"சாவி."

"தரமாட்டேன்."

"வெயில் ஏறுது சுல்மா. விளையாடாத."

"கண் இமைக்குள்ள வெளுத்ததுக்கு மட்டும் மருந்து போடு. மத்தது அப்படியே போகட்டும். அப்படின்னா திறக்கறேன்."

பக்கத்துப் பண்ணையில இருந்து ஒத்தாசைக்கு வந்த கிழவர் ஒதிலோன், ஃபிளாஸ்கை கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாத்தே இலைக் கஷாயத்தை குழல்ல உறிஞ்சிக்கிட்டு இருந்தார். குழலை வாயில இருந்து எடுக்காமலே சிரிச்சார். "புழுவோட போகட்டும்ங்கிறியா? ஏன் புள்ள, அதுங்களுக்கும் சேர்த்து சோறு ஆக்கிப் போடேன்."

எவாரிஸ்தோ சிரிக்கல. "கேட்டுக்கோ. இந்தத் தடவையும் சாவு நிக்கலேன்னா, மிச்சத்தை லாரியில ஏத்திட்டு நிலத்தை தைலமரக் கம்பெனிக்காரனுக்கு குத்தகைக்கு விட்டுருவேன். உனக்கும் அனுபவிக்க காசு வரும்."

"எனக்கு மரம் வேண்டாம். ஆடு வேணும். அதனாலதான் பூட்டுனேன்."

அவளுக்கு ஒண்ணு தெரியும். வெள்ளை மருந்து மூணு வருஷம் வேலை செஞ்சுது, அப்புறம் செத்துப்போச்சு. மஞ்சள் மருந்தும் அப்படியே. போன மாசம் பத்து ஆட்டோட புழுக்கையை டப்பால போட்டு சால்தோ டவுனுக்கு எடுத்துட்டுப் போய் எண்ணிப் பாத்தா. மஞ்சள் மருந்துக்கு முன்னாடி ஒரு கிராம்ல ரெண்டாயிரம் புழு முட்டை. மருந்து போட்டு ரெண்டு வாரம் கழிச்சு ஆயிரத்தி எழுநூறு. இப்ப டப்பால இருக்கிறது மூணாவது மருந்து, அவங்க நிலத்துல இன்னும் வேலை செய்யற ஒரே மருந்து. நாலாவது கிடையாது.

"புழு மருந்துக்குப் பழகிக்கிச்சு. அதான் புதுசு வாங்கியாச்சே," எவாரிஸ்தோ சொன்னான்.

"எந்தப் புழுவும் பழகல. மருந்து பட்ட புழு செத்துச்சு. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பொறப்புலயே வேற மாதிரி இருந்துச்சு, நீ மருந்துக் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே. அது சாகல. நீ என்ன பண்ணுன? மத்ததையெல்லாம் கொன்னு அதுக்கு இடத்தை காலி பண்ணிக் குடுத்த. அதோட விட்டியா? யாருமே இல்லாத புல்லுல கொண்டு போய் அதை மட்டும் குடி வெச்ச. அப்புறம் அங்க பொரிச்சதெல்லாம் யார் வம்சம்?"

"இவ சனிக்கிழமை சனிக்கிழமை டவுனுக்குப் போற கிளாஸ் பேசுது," அவன் ஒதிலோனைப் பாத்து சொன்னான். "குரங்கு மனுஷனா மாறிச்சுன்னு சொல்லித் தர்ற கிளாஸ்."

"அப்படி யாரும் சொல்லல. குரங்குக்கும் நமக்கும் எப்பவோ ஒரே மூதாதை, அவ்வளவுதான். குரங்கை விடு, ஆட்டைப் பாரு. ஒண்ணு மாதிரி ஒண்ணு பொறக்கறதில்ல. இருக்கிற வித்தியாசம் குட்டிக்கும் போகுது. எது பொழைச்சு நெறைய பெத்துச்சோ, அடுத்த தலைமுறையில அது மாதிரி இருக்கிறதுதான் ஜாஸ்தி. இதுல யாரும் ஆசைப்பட்டு மாறறதில்ல, யாரும் கத்துக்கிறதும் இல்ல. இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

எவாரிஸ்தோவுக்கு அவளை மடக்க ஒரு வழி கிடைச்ச மாதிரி இருந்துச்சு. துப்பாக்கியை இறக்கினான்.

"சரி. வாரம் ஒரு காயடிச்ச கிடாவை சமையலுக்குப் பிடிக்கிறோம். எதைப் பிடிக்கிறோம்? கையில சிக்குனதை. ஓடத் தெரிஞ்சது தப்பிச்சுக்குது. அப்பா காலத்துல இருந்து இதான். உன் கணக்குப்படி இந்நேரம் நம்ம ஆடெல்லாம் குதிரையை விட வேகமா ஓடணும். ஓடுதா?"

ஒதிலோன் தொடையில தட்டினார். "மாட்டிக்கிட்டா."

சுல்மாவுக்கு சிரிப்பு வந்துருச்சு.

"ஏண்ணே, காயடிச்சதுக்கு குட்டி ஏது?"

ரெண்டு பேரும் அவளைப் பாத்தாங்க.

"அது அறுபட்டாலும் பெக்காது, தப்பிச்சாலும் பெக்காது. எவ்வளவு வேகமா ஓடினாலும் அந்த வேகம் அதோடயே போச்சு. குட்டி வழியா போனாத்தான் மந்தை மாறும். புழுவுக்கு காயடிச்சிருக்கியா நீ? ஒரு பெட்டைப் புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல முட்டை போடுது."

ஒதிலோன் மாத்தேயை கீழ வெச்சார். "எவாரிஸ்தோ, இதுக்கு நீ பதில் சொல்லு."

எவாரிஸ்தோவுக்கு கோவம்தான் வந்துச்சு. "விட்டு வைக்கிற ஆடு செத்தா?"

"சிலது சாகும். என் பாதியில கழிச்சுக்கோ."

"மருந்து போட்டதுலயும் தப்பிக்கிற புழு இருக்குமில்ல?"

"இருக்கும். ஆனா போடாத ஆட்டுல மருந்துக்குச் சாகிற சாதிப் புழு கூட்டம் கூட்டமா இருக்கும். எல்லாம் ஒண்ணா மேயட்டும். தப்பிச்சது அந்தக் கூட்டத்துல கரையட்டும். தனியா ராஜ்ஜியம் பண்ண விடமாட்டேன்."

அவன் முறைச்சுக்கிட்டே மருந்துத் துப்பாக்கியைத் தூக்கினான், அவ பூட்ஸுல இருந்து சாவியை எடுத்தா. மத்தியானம் வரைக்கும் ஒவ்வொரு ஆட்டோட கீழ் இமையையும் இழுத்துப் பாத்தா. உள்ள சிவப்பா இருந்தா ரத்தம் இருக்கு, தாங்கும், போகலாம். வெள்ளையா இருந்தா மருந்து. எழுபத்தியொரு ஆட்டுக்குத்தான் போட்டாங்க. மிச்சம் இருநூத்தி நாப்பத்தொம்போதும் வயித்துல புழுவோட ஓடைக்கரைக்குப் போச்சு. எவாரிஸ்தோ சாப்பிடக்கூட வராம குதிரை ஏறிப் போயிட்டான்.

ஒம்போதாம் நாள் காலையில பிக்கப்ல ஒரு செத்த ஆட்டைக் கொண்டு வந்து அவ வாசல்ல இறக்கினான். மருந்து போடாத பெட்டை, சுல்மாவோட பாதி. போன வருஷம் ரெட்டைக் குட்டி போட்டுது.

"உன் கணக்கு," அப்படின்னுட்டு கிளம்பப் பாத்தான்.

அவ கத்தியை எடுத்து அங்கேயே வயித்தைக் கிழிச்சா. உள்ள சிவப்பு நூல் அள்ளிப் போட்ட மாதிரி புழு. கிளாஸ்ல படிச்ச அந்த இயற்கைச் சட்டத்துல இரக்கம்னு ஒண்ணு கிடையாதுன்னு அவளுக்குத் தெரியும். அது என்ன நடக்குதுன்னு சொல்லும், நல்லதா கெட்டதான்னு சொல்லாது. ஆனா ஆட்டைப் பாக்கிறவ அவதானே. ரெண்டு வாரம் கழிச்சுப் பாத்துக்கலாம்னு விட்டது அவ தப்பு.

"மழை பேஞ்சிருக்கு, ஈரத்துல புழு வேகமா பொரியும். வாரா வாரம் பாத்திருக்கணும். இப்பவே ஓட்டிட்டு வா, திரும்பப் பாக்கணும்."

"இன்னுமா உனக்கு..."

"ஓட்டிட்டு வாண்ணே."

ஒதிலோனையும் கூப்பிட்டு ஓட்டிட்டு வந்தாங்க. எவாரிஸ்தோ டப்பாவை வழிய வழிய நிரப்பிட்டு வந்தான், முன்னூறு ஆட்டுக்கு ஆகும். சுல்மா அதைப் பாத்துட்டு ஆடு ஒவ்வொண்ணா நுழையற ஒடுக்கு வழியில குறுக்க நின்னா.

"வெளுத்ததுக்கு மட்டும்."

"ஒண்ணு செத்து வாசல்ல கிடக்குது சுல்மா."

"தெரியும். நான்தான் கிழிச்சேன். வெளுத்ததுக்கு மட்டும்."

அவன் அவளையே பாத்துக்கிட்டு நின்னான். அவ நகரல. ஆடுங்க முட்டித் தள்ளுது, புழுதி கிளம்புது.

முதல் ஆட்டோட இமையை அவ இழுத்தா. "வெளுப்பு." அவன் பீச்சினான். அடுத்தது சிவப்பு, தட்டி விட்டா. அதுக்கடுத்தது சிவப்பு. இருபது முப்பது ஆடு அப்படியே போச்சு.

அப்புறம் ஒரு ஆடு அவகிட்ட வர்றதுக்கு முன்னாடியே அவன் தாடையைப் பிடிச்சு நிறுத்தினான். கட்டை விரலால இமையை இழுத்தான். வெயிலுக்குத் திருப்பி ரொம்ப நேரம் பாத்தான்.

"சிவப்பு," அப்படின்னு முணுமுணுத்துட்டு, துப்பாக்கியைத் தூக்காம முட்டியால தள்ளி விட்டான்.

சரியாப் பாத்தானான்னு சுல்மா திரும்பிப் பாக்கல. அவளுக்கு அடுத்த ஆடு வந்துருச்சு.