பக்கத்தில் வைத்துப் பார்க்க

உறைந்த பட்டாணிப் பொட்டலங்களை வீக்கெ இரண்டாவது தடவையாக அப்பாவின் தலையைச் சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் தடவை அடுக்கியவற்றைப் பக்கத்து வீட்டு கிரியெட் எடுத்துப்போய்ப் பத்திரமாக உறைபெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டிருந்தாள். வைத்ததோடு விட்டாளா? வெந்நீரில் துணி நனைத்து முகத்தைத் துடைத்து, ஜன்னல்களைச் சாத்தி, ஹீட்டரையும் முடுக்கிவிட்டிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சாவு விழுந்தால் வீட்டார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். குளிப்பாட்டுவதிலிருந்து காப்பி போடுவது வரை அண்டை வீட்டாரின் பாடு.

"பிணத்துக்குப் பட்டாணி கட்டி நான் பாத்ததில்ல, பொண்ணே," என்றாள் கிரியெட்.

"மூளை சூடாகக் கூடாது, அத்தை. வண்டி வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க."

வீக்கெ ஜன்னல்களை மறுபடி திறந்தாள். கால்வாய்க் காற்று ஈரமாக உள்ளே வந்தது. கட்டிலோரம் அம்மா ஆக்கெ இரண்டு கம்பளிச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அப்பாவின் வலது கையைப் பிடித்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. மருத்துவர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா யெல்மருக்கு அதுவரை ஒரு சளி பிடித்தது கூடக் கிடையாது. நோய்க்காரி அம்மாதான்.

அம்மாவின் மறதி நோய் பற்றி அப்பா கேட்காத கேள்வி இல்லை. மூளையின் முன்பக்க அடியில் ஒரு சின்ன இடம், அங்கிருக்கும் செல்கள் அசிட்டைல்கோலின் என்ற ஒன்றைச் சுரந்து மூளை முழுக்க அனுப்புகின்றன, அதில்லாமல் எதுவும் மனதில் தங்காது, அம்மாவுக்கு அந்தச் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன என்று நரம்பு மருத்துவர் சொன்னார். மாத்திரை அதைப் புதிதாகச் சுரக்க வைக்காது. இருக்கிற கொஞ்சமும் சீக்கிரம் சிதைந்து போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அன்றைக்கு வீடு வரும் வரை அப்பா, தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி கோபமாக இருந்தார்.

அப்புறம்தான் மூளைகளைச் சேர்த்து ஆராயும் நிலையம் ஒன்று உண்டென்றும், அங்கே நோய்ப்பட்ட மூளைக்குப் பஞ்சமில்லை, நல்ல மூளைதான் கிடைப்பதில்லை என்றும் கேள்விப்பட்டார். மறுநாளே தன் மூளையைத் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டார். செத்த சில மணி நேரத்துக்குள் மூளை அங்கே போய்ச் சேர்ந்தால்தான் பிரயோஜனம். தாமதமானால் செல்கள் தாமாகவே கெட்டுப்போகும், எது நோயால் போனது என்று தெரியாது.

அண்ணன் சியெர்ட் வாசலில் காரை விட்டுவிட்டு ஓடி வந்தான். அப்பாவின் தலையைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"என்னடி இது கோலம்? இப்பவே கொடுத்து அனுப்பப் போறியா?"

"நாளைக்குக் கொண்டுவந்து விட்டுடுவாங்க. அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் வீட்ல வச்சிருக்கலாம்."

"ராத்திரி பூரா அம்மா தேடுவாளே, அதுக்கு யார் பதில் சொல்றது? உடம்பு கண்ணெதிரே இருந்தாத்தான் அவளுக்குப் புரியும். இல்லன்னா மணிக்கு ஒரு தடவை அவளுக்குப் புதுசா சாவுச் செய்தி சொல்லணும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் வீக்கெவுக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்பா என்கிட்ட சொன்னாரு, 'நாப்பது வருஷம் ஒரே சட்டியில சாப்பிட்டோம், ஒரே காத்தைச் சுவாசிச்சோம். அவளுக்குப் போனது எனக்கு ஏன் போகலன்னு ரெண்டு பேர் மூளையையும் பக்கத்துல வச்சுப் பாக்கட்டும்'னு. அந்தச் சனியன் இவளைச் சும்மா தின்னுட்டுப் போக விடமாட்டேன்னாரு. நானும் விடமாட்டேன், சியெர்ட்."

கிரியெட் ஹீட்டரை அணைத்தாள்.

நிலையத்தின் வண்டி வந்தது. ஓட்டுநர் ஒற்றை ஆளாக வந்திருந்ததால் சியெர்ட்தான் ஒரு பக்கம் தூக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியும் அம்மா கையை விடவில்லை. சியெர்ட் கெஞ்சினான். பிறகு ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. விரலுக்கு உத்தரவு போடும் நரம்பிலும் அதே அசிட்டைல்கோலின்தான். அங்கே அது துளியும் குறையவில்லை. பிள்ளைகளின் பெயர் மறந்து போனவளின் பிடி இரும்பாக இருந்தது.

"விடு, அண்ணா. அம்மாவோட கோட்டை எடு," என்றாள் வீக்கெ.

அப்படியே எல்லோரும் படியிறங்கினார்கள். அம்மா ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்தாள். பின்கதவு திறந்ததும் வீக்கெ குனிந்து, "அப்பா பின்னாடி வர்றாரும்மா. நாம முன்னாடி உக்காரலாம்," என்றாள். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தானாகவே கையை விட்டுவிட்டு, முன்கதவுப் பக்கம் போய் ஏறி உட்கார்ந்தாள்.

உறவினரை ஏற்றிக்கொள்ள தனக்கு அனுமதி இல்லை என்று ஓட்டுநர் தயங்கினார். வாரக்கணக்கில் ஒரு முழு வாக்கியம் பேசாத அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டியை எடுப்பா," என்றாள்.

ஓட்டுநர் வீக்கெவைப் பார்த்தார். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி, இருவருக்கும் பெல்ட்டை மாட்டினாள். சியெர்ட் கீழே நின்று கதவைச் சாத்தினான்.

அணைக்கரைச் சாலையில் ஏறியதும், ரேடியோ மெல்லப் பாடிக்கொண்டிருக்க, அம்மா கோட்டுப் பைக்குள் துழாவி, பாதி தீர்ந்த பெப்பர்மின்ட் மிட்டாய் உருளையை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கம் தொடங்கும்போது வரிசை முழுக்கக் கைமாறிப் போகுமே, அது. ஓட்டுநருக்கு ஒன்று கொடுத்தாள். வீக்கெவுக்கு ஒன்று. தன் வாயில் ஒன்று போட்டுக்கொண்டாள். அப்புறம் நான்காவதைப் பிரித்தெடுத்து, திரும்பி, முதுகுக்குப் பின்னாலிருந்த தடுப்புப் பலகையை இரண்டு முறை தட்டினாள். மிட்டாயை நீட்டியபடியே காத்திருந்தாள்.

ஓட்டுநர் ரேடியோவை அணைத்தார்.