கல் வருதுன்னு சொல்லுங்க

பெயிண்ட் கடைக்காரரும் அவர் மனைவியின் தம்பியும் ஒரே கடையில் கூட்டாளிகள். ஒரே மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருந்தும் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. கடையை இரண்டாகப் பிரிப்பது முடிவாகிவிட்டது. தெருமுனையைப் பார்த்த பாதி, அதாவது முனைக்கடை, யாருக்கு என்பதில்தான் முட்டிக்கொண்டது. யார் முதலில் வாய் திறந்தாலும் அவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும். இறங்கி வந்தவருக்கு எலியும் இருட்டுமாகக் கிடக்கிற பின்பாதிதான் என்று கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

அதனால் சண்டையெல்லாம் பக்கத்துத் துணிக்கடைக்காரர் வழியாகவே நடந்தது.

"வெள்ளை பெயிண்ட் தீர்ந்துடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"எனக்குக் கண்ணு இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

நடுவில் நின்ற துணிக்கடைக்காரருக்குத் தன் வியாபாரத்தைக் கவனிக்க நேரமில்லாமல் போனது.

வியாபாரிகள் சங்கம் ஒருநாள் மலையேற்றத்துக்கு ஆள் சேர்த்தபோது, மற்றவன் வரமாட்டான் என்று கணக்குப் போட்டு இருவருமே பேர் கொடுத்துத் தொலைத்தார்கள்.

வழிகாட்டி ஒரு பெண். பாறை முகட்டின் அடிவாரத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "கையும் காலும் ஊனித்தான் ஏறணும். யார் கால் பட்டு கல்லு உருண்டாலும் உடனே 'கல்!'னு கத்தணும். அண்ணே, சார், மரியாதையெல்லாம் அப்புறம்."

ஏறினார்கள். பாறை வெயிலில் காய்ந்து உள்ளங்கையைச் சுட்டது. கடைக்காரர் மூச்சு வாங்க மேலே போனார். அவருக்குக் கீழே துணிக்கடைக்காரர், அவருக்கும் கீழே மைத்துனன். குனிந்து பார்க்கும்போதெல்லாம் மைத்துனனின் தலைக்கவசம் தெரிந்தது. கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. இவன் இடுப்பு பிடித்துக்கொண்டு பாதியிலேயே திரும்பிப் போகக்கூடாதா?

குறுகலான ஓரிடத்தில் துணிக்கடைக்காரர் இளைப்பாறப் பக்கத்துத் திட்டில் ஒதுங்கினார். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரின் கால் தேங்காய் அளவு கல் ஒன்றைத் தட்டிவிட்டது.

வாய் திறந்தது. திறந்த வாயில் முனைக்கடை வந்து நின்றது.

"துணிக்கடையாரே! கீழ இருக்கிறவர்கிட்ட கல்லு வருதுன்னு சொல்லு..."

பேசி முடிப்பதற்குள் கல் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் குரல் எது சொன்னாலும் தனக்கில்லை என்று பழகிப்போன மைத்துனன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முன்கையில் அடி.

வழிகாட்டி இறங்கி வந்து அவன் கையைத் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டாள். பிறகு கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தைதானே சொல்லச் சொன்னேன்? போதும், எல்லாரும் திரும்பலாம். நீங்க எல்லாருக்கும் கீழ இறங்குங்க. உங்க காலுக்கடியில ஒருத்தரும் வேணாம். கையில அடிபட்டவரை நான் கயித்துல பிடிச்சு இறக்கிக்கிறேன்."

யாரும் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. பாத்திரக்கடைக்காரர் மட்டும், "பெயிண்ட் வாங்க வர்றப்ப ஹெல்மெட் போட்டுட்டு வரணும்போல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நட்பு இல்லை.

இப்போது கடைக்காரர் கீழே. மைத்துனன் நேர் மேலே. பின்னங்கழுத்து கூச, ஒவ்வொரு அடியாக வைத்தார்.

"கல்! அத்தான், கல்!"

கடைக்காரர் தலையில் கை வைத்துப் பாறையோடு பல்லியாக ஒட்டிக்கொண்டார். காத்திருந்தார். கல் வரவில்லை. ஒரு பொடிக்கல்கூட வரவில்லை.

மேலிருந்து மைத்துனன் நிதானமாகச் சொன்னான்: "முதல்ல பேசினது நான்தான். எல்லாரும் கேட்டாச்சு. முனைக்கடையை நீங்களே எடுத்துக்கங்க. அது எப்படிக் கிடைச்சுதுன்னு அக்காகிட்ட உங்க வாயாலயே சொல்லுங்க."

கடைக்காரர் மெல்லத் தலையிலிருந்து கையை எடுத்தார். பேரம் பேசாமல் கிடைத்த சரக்கை அவர் ஆயுளில் நம்பியதில்லை. பழக்கதோஷம், கண் துணிக்கடைக்காரரைத் தேடியது.

"துணிக்கடையாரே, அவர்கிட்ட சொல்லுங்க..."

துணிக்கடைக்காரர் அடுத்த பிடிமானத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"என் வாயை இனிமே வாடகைக்கு விடுறதில்லை."