சீர் மெத்தையும் நிரலின் ரேகையும்

பூபுசாரா அக்கா தன் சம்பந்திக்கே மெத்தை விற்கப்போகிறாள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவின் மகனுக்கு நாரின் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண்ணைப் பேசி, நிச்சயத்துக்கு அடையாளமாக அவள் காதில் தோடும் போட்டாயிற்று. பெண் வீட்டார் சீர்வரிசையாக மெத்தை, போர்வை எல்லாம் கொண்டுவர வேண்டும். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அவற்றை விற்பதுதான் அக்காவின் தொழில். சும்மாவே கொடுத்திருப்பாள். ஆனால் பெண்ணின் அம்மா ஊல்கான் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுச் சாமானையே சீர்னு தூக்கிட்டு வந்தாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் பேசக் கூடாது. உங்க கடைதான் இணையத்துல இருக்கே, எல்லாரையும் போல அதுல பணம் கட்டி வாங்கிக்கிறேன்."

அந்த இணையக் கடையைப் பார்த்துக்கொள்வது நானும் உலார்பெக்கும். கடைதான் அக்காவுடையது, பணம் கட்டும் பெட்டி அவளுடையதல்ல. வாங்குபவர் அட்டை எண்ணைப் போடும் அந்தப் பெட்டி, கடைகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் ஒரு கட்டண நிறுவனம் எழுதிய கணினி நிரல். ஒவ்வொரு முறையும் அவர்கள் கணினியிலிருந்து நேராக வாங்குபவரின் திரைக்கு வரும். யாராவது அதில் கைவைத்தால் கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. அதனால் நாங்கள் ஒரு காவல் போட்டிருந்தோம். நிரலைப் படித்துப் பார்த்து, சரி என்று உறுதியானபின் அதற்குக் கைரேகை போல ஓர் அடையாளக் குறி எடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் பதித்துவிடுவோம். பிறகு ஓர் எழுத்து மாறினாலும் ரேகை பொருந்தாது. வாங்குபவரின் இணைய உலாவி அந்த நிரலை உள்ளே விடாது, பெட்டியும் தெரியாது.

சனிக்கிழமை காலை பெட்டி தெரியவில்லை. நான் வண்டிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்கு வந்தபோது உலார்பெக் சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"சரி பண்ணிட்டேன் கனிஷாய். ரேகை பொருந்தலைன்னு நின்னுச்சு. புது ரேகை எடுத்து ஒட்டிட்டேன், பெட்டி வந்துடுச்சு."

"எதுலேர்ந்து எடுத்தே?"

"இப்ப வர்ற ஃபைல்லேர்ந்துதான். வேற எதுலேர்ந்து எடுப்பாங்க?"

"ஏன் மாறிச்சுன்னு கம்பெனியைக் கேட்டியா?"

"அவங்க என்னைக்குச் சொல்லிட்டு மாத்தியிருக்காங்க? அவங்க இடத்துலேர்ந்துதானே வருது. அக்கா வேற, சம்பந்தி காத்துக்கிட்டிருக்காங்கன்னு உயிரை எடுத்துட்டாங்க."

இது எப்படியென்றால், வாசலில் நிற்பவனின் முகம் அடையாள அட்டைப் படத்தோடு ஒத்துப்போகவில்லை. காவல்காரன் என்ன செய்தான்? அவனையே படமெடுத்து அட்டையில் ஒட்டி, உள்ளே போங்க ஐயா என்றான். இவ்வளவு நிம்மதியாக இப்படியொரு தவறைச் செய்ய எங்கள் தொழில்காரர்களால்தான் முடியும்.

முதலில் பெட்டியை மூடினேன். பிறகு எங்களிடம் இருந்த பழைய நிரலையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். எல்லாம் ஒன்றுதான், கடைசியில் செருகியிருந்த சில வரிகளைத் தவிர. அட்டை எண்ணையும் பின்பக்க ரகசிய எண்ணையும் அவை முன்பின் தெரியாத ஒரு முகவரிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. உலார்பெக்கின் முகம் வெளிறிவிட்டது.

நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒரு பெண் குழைவாகச் சொன்னாள்: "அந்த ரேகை வரியை எடுத்துடுங்க மேடம், சரியாயிடும். மத்த கடைக்காரங்க எல்லாம் எடுத்துட்டாங்க."

"அம்மா தாயே, உங்க வீட்டுக்குள்ள திருடன் நிக்கிறான். முதல்ல உங்க மேலதிகாரியைக் கூப்பிடு!" என்று கத்தினேன்.

உலார்பெக் பெட்டியைத் திறந்ததற்கும் நான் மூடியதற்கும் இடையில் ஒரே ஒருவர்தான் பணம் கட்டியிருந்தார். ஊல்கான்.

அதற்குள் கீழே கடையிலிருந்து அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தாள். "ஏண்டி மூடினே? சம்பந்தி இப்பதான் கட்டி முடிச்சாங்க. அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கு!"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த அட்டையில அவங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் சேர்த்துப் போட்ட கல்யாணப் பணம் இருக்குடி. என் கடையில வச்சு அது போச்சுன்னா இந்தக் கல்யாணம் நடக்குமா?"

"பேங்குல ஏதோ கோளாறாம், அட்டையை முடக்கிடுங்கன்னு சொல்லிடலாம்கா," என்றான் உலார்பெக். "பணமும் தப்பிச்சிடும், நம்ம பேரும் வராது."

அக்கா என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கல்யாணம் என் வீட்டுக் கல்யாணம் இல்லையே. பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா போனை மேசைமேல் வைத்து எண்ணை அழுத்தினாள்.

"சம்பந்தி, உங்க அட்டை எண்ணைத் திருடிட்டாங்க. எங்க கடையில வச்சுத்தான். நான் அவசரப்படுத்தினேன், சரியாப் பார்க்காமத் திறந்துட்டாங்க. தப்பு எங்களுது. இப்பவே பேங்குக்குப் பேசி அட்டையை முடக்குங்க. அப்புறமா என்னைத் திட்டுங்க."

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"முடிஞ்சுது. தோட்டைக் கழட்டி அனுப்பிடுவாங்க," என்றாள் அக்கா. உலார்பெக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

போன் அடித்தது. நான்தான் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"முடக்கியாச்சு," என்றார் ஊல்கான். "எவனோ அதுக்குள்ள கைவைக்கப் பார்த்தானாம். பணம் போகலையாம்."

"சம்பந்தி, என்னை மன்னிச்சிடுங்க…" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"இருங்க, நான் சொல்லி முடிச்சுடறேன். பொண்ணு கேட்டு வந்தப்போ எவ்வளவு தேனொழுகப் பேசினீங்க! அதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பலை. இவங்க வீட்டுக்கு எப்படிப் பொண்ணை அனுப்புறதுன்னு இவ்வளவு நாளா எம் புருஷன்கிட்ட புலம்பிக்கிட்டிருந்தேன். இன்னைக்குச் சொன்னீங்க பாருங்க, இதை நம்புறேன்."

அக்கா வாய்விட்டு அழுதுவிட்டாள்.