கட்டிலைச் சுற்றி ஒரு ரயில்

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, பொம்மை ரயில் தண்டவாளத்தின் கடைசி வளைவுத் துண்டைப் பக்கத்துத் துண்டோடு சேர்த்து அழுத்தினாள் அவள். சேர மாட்டேன் என்றது. தலைக்கு மேலே, மெத்தையின் மறுபக்கத்தில், அவள் கணவனின் மூச்சு இழுத்து, நின்று, ஏதோ யோசித்துவிட்டு மறுபடி இழுத்தது.

“இன்னுமா மாட்டல? ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைக்கிற கை, இது வராதா?” என்றாள் நாத்தனார்.

“துணின்னா இழுத்துப் பிடிச்சுத் தைச்சிடலாம்க்கா. இது வளைஞ்சு குடுக்க மாட்டேங்குது.”

காலையில் வந்த நர்ஸ்தான் இதை ஆரம்பித்து வைத்தவள். கண் திறக்காவிட்டாலும் காது கடைசிவரை கேட்கும் என்பார்கள், அவருக்குப் பிடித்ததைப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். பேசச் சொன்னால் பேசியிருக்கலாம். நாத்தனாருக்கு அது போதவில்லை. “பேச என்ன இருக்கு? என் தம்பிக்குப் பிடிச்சது ரயிலு. அவன் காதுல ரயில் விழட்டும்” என்று உள்ளறை மேசையில் இருந்த தண்டவாளத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி நாலு பக்கமும் வழி விட்டது இருவரும் சேர்ந்துதான். தரையில் ஊர்ந்து மாட்டுகிற வேலை மட்டும் எப்படியோ அவள் தலையில் விழுந்தது.

வளைவு ஒருவழியாக உட்கார்ந்தது. அவள் வெளியே வந்து புடவையை உதறியபோது, நாத்தனார் சத்தம் போடும் பொம்மை எஞ்சினை, குளிப்பாட்டித் துவட்டிய குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். தம்பியின் பிறந்தநாளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவளும் நாத்தனார்தான். அதைக் கண்டதும் அவளுக்கு வயிறு எரிந்தது. சாவுக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பொம்மையைப் பார்த்து வயிறு எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கப்பட்டதால் எரிச்சல் அடங்கிவிடவில்லை. ஒரு சாண் நீளத்தில் ஒரு சக்களத்தி.

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாளெல்லாம் இருட்டுக் கூண்டுக்குள் கம்பிகளோடும் கிரீஸோடும் இருந்துவிட்டு வருவான். உடன் வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாடு எப்படி என்றால் தலையாட்டுவான். கோபம் வந்தால் தலையாட்டாமல் இருப்பான். கல்யாணமான புதிதில், இப்படி ஒரு மனிதனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று தையல் மெஷினிடம்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு மத்தியானம் உள்ளறையிலிருந்து ஒரு ரயில் நிலையமே கேட்டது. விசில், பிரேக் கிறீச்சிடல், மூக்கடைத்த குரலில் ஓர் அறிவிப்பு, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒருவனின் கெஞ்சல், அதற்கு டிக்கெட் பரிசோதகரின் நக்கல். “மாமியார் வீட்டுக்குப் போறீங்களா? அதுக்கும் டிக்கெட் உண்டு சார்.” அவள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு பழைய எஞ்சினைக் கையால் தள்ளியபடி, எல்லாவற்றையும் தன் வாயாலேயே நடத்திக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் காது சிவந்து, நிலையம் மூடப்பட்டது. அதன்பிறகு அவள் எட்டிப் பார்க்கவே இல்லை. சத்தம் ஆரம்பித்ததும் மெஷினை நிறுத்துவாள். ஊசி துணிக்குள் பாதியில் நிற்கும். அவ்வளவுதான். அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று அவள் கேட்டதில்லை.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்த காலத்தில் கடைக்குப் போனார்கள். ஒரே மாதிரி எஞ்சின், இரண்டு அட்டைப்பெட்டிகளில். ஒன்றில் சத்தம் உண்டு, மற்றதில் இல்லை. கடைக்காரன் பொத்தானை அழுத்தினான். ஹாரன் அடித்தது, பிரேக் சீறியது, உறுமல் ஏறி இறங்கியது. கணவனின் முகம் விரிந்ததை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“சத்தமில்லாததே போதும். வீட்டுல எதுக்கு இரைச்சல்?”

அவன் தலையாட்டினான்.

அந்தக் கதை நாத்தனார் காதுக்குப் போய், ஒவ்வொரு விசேஷத்திலும் திரும்பி வந்தது. “தம்பிக்கு ஒரு சத்தம் வாங்கிக் குடுக்கக்கூட மனசு வரல மகராசிக்கு.” அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்தால் அவர் வாய் மூடிவிடும் அக்கா என்று அவள் எப்படிச் சொல்வாள்?

நாத்தனாரின் பரிசு வந்தது. அவன் வாயும் மூடியது. அன்றிலிருந்து உள்ளறையில் எல்லாம் சரியாக ஒலித்தன. நிஜ ஹாரன், நிஜ பிரேக். டிக்கெட் பரிசோதகர் மட்டும் எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார். அவள் மெஷினை நிறுத்தாமல் தைத்தாள்.

இப்போது நாத்தனார் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் குமிழைத் திருப்பினாள். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. தலைமாட்டைச் சுற்றி, ஜன்னல் பக்கம் வந்து, கால்மாட்டில் ஹாரன் அடித்தது. போர்வைமேல் கிடந்த அவன் விரல் ஒன்று அசைந்தது.

“பாத்தியா! பாத்தியா! கேக்குறான்! டேய் தம்பி, அக்காடா, அக்கா வாங்கிக் குடுத்த வண்டிடா!”

“காலையிலயும் அசைஞ்சுதுக்கா. அப்ப ஒண்ணும் ஓடல.”

“உனக்கு எதுலதான் திருப்தி?”

அந்த விரல் காலையில் அசைந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஹாரன் அவனுக்குக் கேட்டிருக்கலாம். சத்தம் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கலாம். கடைக்காரன் பொத்தானை அழுத்தியபோது விரிந்த முகத்தை அவள்தானே பார்த்தாள்.

நாத்தனார் தன் கணவருக்குப் போன் செய்ய பால்கனிக்குப் போனாள். அறைக்குள் சிக்னல் கிடைக்காது. “இதோ வந்துடறேன். நிறுத்திடாத.”

கதவு மூடிக்கொண்டதும் அவள் குமிழைத் திருகி நிறுத்தினாள். எஞ்சின் பெருமூச்சு விட்டு அடங்கியது. அதை எடுத்து, நாற்காலியில், சுவரைப் பார்த்தாற்போல வைத்தாள். உள்ளறையிலிருந்து சத்தமில்லாத மற்றதைக் கொண்டு வந்தாள். சக்கரங்கள் தண்டவாளத்தில் உட்காரவில்லை. அவன் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவான், உட்கார்ந்துவிடும். அவளும் தட்டினாள், குமிழைத் திருப்பினாள்.

எஞ்சின் ஓடியது. துண்டுகள் சேரும் இடங்களில் டிக் டிக் என்றதைத் தவிர ஒன்றுமில்லை. அவள் மெத்தையில் கை ஊன்றி அவன் முகத்தருகே குனிந்தாள். மருந்து வாடை அடித்தது.

“என்னங்க. வண்டி கிளம்பிடுச்சு.”

மூச்சு இழுத்தது. நின்றது.

“இதுல சத்தம் கிடையாதுங்க. நீங்கதான் போடணும்.”

வண்டி தலைமாட்டைச் சுற்றிப் போனது. ஜன்னல் பக்கம் வந்தது. வெடித்துக் காய்ந்திருந்த அவன் உதடுகள் மெல்லக் கூடின. கூடி, விசிலடிப்பதுபோல முன்னால் குவிந்தன. குரல் வரவில்லை. நீளமாக, வெதுவெதுப்பாக ஒரு காற்று மட்டும் அவள் கன்னத்தில் பட்டது. அடுத்த மூச்சுக்காக அவள் அப்படியே குனிந்திருந்தாள். வண்டி ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. மூச்சு வரவில்லை.

“ஏன் சத்தத்தக் காணோம்?” என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் உள்ளே வந்தாள். தண்டவாளத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பிறகுதான் தம்பியைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்து, நாடி பார்த்து, மார்பில் குழாய் வைத்துக் கேட்டு, தலையை அசைத்தாள்.

அழுகை கொஞ்சம் மட்டுப்பட்டதும் நாத்தனார் திரும்பினாள்.

“அத நிறுத்திட்டியா? கேட்டுக்கிட்டே போயிருப்பானேடி. கடைசி நேரத்துலகூட உனக்கு அந்தச் சத்தம் ஆகலயா?”

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம். சொன்னால் நாத்தனார் கட்டிக்கொண்டு அழுவாள். சாயங்காலம் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். தன் தம்பி கடைசி மூச்சிலும் ரயில் விட்டான் என்று, பக்கத்தில் நின்று பார்த்தவள்போலவே சொல்லுவாள்.

“ஏதாவது சொன்னானா? கடைசியா?”

“இல்லக்கா.”

“ஒரு வார்த்தை?”

“ஒண்ணும் சொல்லல.”

வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் அது கடந்து போகும்வரை ஒரு காலைத் தூக்கி நின்று, பிறகு கட்டிலருகே வந்தாள். நாத்தனார் தம்பியின் முகத்தைக் கையால் வருடினாள்.

“வாய் ஏன் இப்படிக் குவிஞ்சிருக்கு? சூடா டீ எதாச்சும் குடுத்தியா?”

“இல்லக்கா.”

“இப்பவே மூடிடலாம்மா, அப்புறம் இறுகிடும்” என்றாள் நர்ஸ். “ஒரு துண்டு சுருட்டிக் குடுங்க. தாடைக்குக் கீழ வைக்கணும்.”

“நான் வைக்கிறேன்.”

அலமாரியிலிருந்து துண்டை எடுத்துச் சுருட்டினாள். தடிமனாக இருந்தது. உதறி, நீளவாக்கில் மடித்து, மறுபடி சுருட்டினாள். நர்ஸ் கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. ஓரத்தில் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, துண்டை இன்னொரு முறை பிரித்தாள்.