தேநீர் வேளையிலும் தட்டியவன்

கடற்படைப் பொடியன்கள் கீழே இருந்து கதவைத் தட்டத் தட்ட, மேலே கௌசிகாவுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டிருந்தது.

"தட்டுங்கோடா, தட்டுங்கோ. இண்டைக்கு உங்களுக்கு ஒரு யன்னலும் திறவாது" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் தட்டியது கையால் அல்ல, கணினியால்.

துறைமுகக் கரையிலிருந்த உரத் தொழிற்சாலையில் அன்று பயிற்சி நாள். கடற்படையின் இணையப் பாதுகாப்புப் பிரிவு திருடனாக வரும். தொழிற்சாலையும் பல்கலைக்கழக வளாகத்தின் கணினித் துறையும் சேர்ந்து காவல் நிற்கும். திருடர்கள் கீழே கன்ரீன் மண்டபத்தில். காவல்காரர் மேலே மாடி அறையில்: வளாகத்தில் துணை விரிவுரையாளராக இருக்கும் கௌசிகாவும், தொழிற்சாலையின் கணினிகளைப் பார்க்கும் கிண்ணியா ஊர்க்காரர் இக்ராமும். யார், எந்த வழியால் உள்ளே வரப் பார்க்கிறார் என்று கோடு கோடாகக் காட்டும் மென்பொருளைக் கௌசிகாவும் அவளுடைய மாணவர்களும் எழுதியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து ஒரு கோட்டையும் அது தவற விடவில்லை.

இதே துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு போன மனுசனின் மகள் அவள். இன்று அதே கேற்றால் கழுத்தில் அட்டை தொங்க உள்ளே வந்திருந்தாள். வெல்லாமல் திரும்பிப் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

பயிற்சிக்கு ஒரே சட்டம். உள்ளே வரலாம், பார்க்கலாம், எந்த இயந்திரத்தையும் ஓட்டக் கூடாது. அப்படி இருந்தும் கப்பலிலிருந்து யூரியாவைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகும் பெரிய பெல்ட்டை நிறுத்தியிருந்தார்கள். அதன் மோட்டருக்கும் அங்குள்ள விளக்குகளுக்கும் மின்சாரம் போகிற சுவிட்ச் அறையை யாரும் தொடாமலிருக்க, கதவின் குறுக்கே நாடா ஒட்டி கடற்படை முத்திரை வைத்திருந்தது.

கீழே மணி அடித்தது. ஸ்டாண்ட் ஈஸி, கடற்படையின் காலைத் தேநீர். கப்பல் தீப்பிடித்தாலொழிய அந்த நேரத்தில் ஒருவனும் வேலையில் கை வைக்கமாட்டான். நீல உடுப்புக்காரர் எல்லாரும் கோப்பையும் கையுமாக முற்றத்து வேப்பமரத்தடிக்கு வந்தார்கள்.

"கள்ளனுக்கும் தேத்தண்ணி நேரம் இரிக்கி பாருங்க மிஸ்" என்று சிரித்தார் இக்ராம். "வாங்க, ரோல்ஸ் முடியிறதுக்குள்ள போவம்."

கதிரையைத் தள்ளி எழும்பிய கௌசிகா அப்படியே நின்றாள். திரையில் கோடுகள் எல்லாம் படுத்துவிட்டன. ஒன்றைத் தவிர.

"நானா, ஒருத்தன் இன்னும் தட்டுறான்."

"எவனோ களவா விளையாடுறான். நேவியெண்டா என்ன, பொடியன் பொடியன்தானே."

கௌசிகா யன்னலால் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "சேர்! உங்கட ஆக்களில ஒருத்தர் தேத்தண்ணி குடிக்கேல்ல!"

கடற்படைக் குழுவின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் விதானகே அண்ணாந்து பார்த்தார். தமிழை வகுப்பில் இருந்து படித்த மனிதர். வானொலிச் செய்தி மாதிரித்தான் பேசுவார். "இல்லை மிஸ். அனைவரும் இங்கே நிற்கிறார்கள். கணினிகள் மூடப்பட்டுள்ளன."

வேறு நாளென்றால் அந்தத் தமிழுக்கு அவள் சிரித்திருப்பாள். இன்று பாய்ந்து திரைக்குத் திரும்பினாள். அடுத்த கணமே கை பரபரத்தது. இது பயிற்சி இல்லை. மெய்யான கள்ளன். காலையிலிருந்து கடற்படையின் தட்டல்களுக்குள் ஒளிந்து, தானும் ஒருவனாகத் தட்டியிருக்கிறான். எல்லாரும் அவனை நேவி என்று நினைத்திருந்தார்கள். தேத்தண்ணி மணி அடிக்குமென்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

"நானா, இவன் இப்ப தட்டேல்ல. உள்ளுக்கு வந்திட்டான். பெல்ட்டில கை வைக்கிறான்."

இக்ராம் தன் கணினியில் எதையோ அடித்தார். மறுபடி அடித்தார். "என்ர பாஸ்வேர்டை மாத்திட்டான் மிஸ். என்ர வீட்டுக்குள்ள இருந்து என்னையே வெளியில தள்ளிட்டான்!"

பெல்ட் ஓடத் தொடங்குமுன் ஊதுகிற அபாயச் சங்கின் குறி திரையில் பச்சையாக இருந்தது. அது கறுத்தது.

"சங்கை நிப்பாட்டிட்டான். ஏன் சங்கை?"

இக்ராமின் முகம் சாம்பலாகியது. "யா அல்லாஹ். சூப்பர்வைசர் சரீப்ட ஆளுகள் உள்ளுக்கு இரிக்காங்க. பெல்ட் நிக்கிற நாள்தானே, சுரங்கத்தைச் சுரண்டுங்க எண்டு நான்தான் காலையில அனுப்பின."

பெல்ட் ஓடுவது நீண்ட கொங்கிறீட் சுரங்கத்துக்குள். உப்புக் காற்றுப் பட்டால் யூரியா கல்லாக இறுகிவிடும். பெல்ட்டில் ஏறி இருந்துதான் சுரண்ட வேண்டும். அங்கே வோக்கி டோக்கி எடுக்காது. கைபேசிகள் பயிற்சிக்காகக் கேற்றடியில் கிடந்தன.

கௌசிகா ஓடினாள். படியில் ஒரு செருப்புக் கழன்றது. மற்றதை அவளே உதறினாள்.

"மோட்டருக்குப் போற கரண்டை நிப்பாட்டப் போறன் சேர்! வெளியால ஒருத்தன் வந்திட்டான்!"

விதானகேயின் கண்கள் பளிச்சிட்டன. இப்படி ஒரு நாளுக்காகத்தானே அவரும் படித்தார். "வேண்டாம் மிஸ்! நிறுத்தினால் ஓடிவிடுவான். மீன் வலைக்குள் இருக்கிறது!"

"மீனைப் பிறகு பிடிப்பம். பெல்ட்டில ஆக்கள் இருக்கினம்!"

அவர் கையிலிருந்த கோப்பை விழுந்தது. "ஆட்களா? யாரும் எனக்குச் சொல்லவில்லையே!"

சுவிட்ச் அறை வாசலில் மேற்பார்வையாளர் சரீப் வெற்றிலை போட்டபடி நின்றார்.

"சரீப் நானா, பூட்டுகள் எங்க?"

சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்குவான். அது அங்கே எழுதாத சட்டம். இன்று கதவுக் கண்ணாடியால் தெரிந்த சுவிட்சில் ஒரு பூட்டும் இல்லை. அது போட்டபடியே இருந்தது.

"என்னத்துக்குப் பூட்டு? நேவி முத்திர வெச்சிரிக்கி. இதைவிடப் பெரிய பூட்டு ஊருக்குள்ள இரிக்கா? எவன் தொடுவான்?"

"கொம்பியூட்டரால தொடுறான் நானா! உடையுங்கோ!"

சரீப் இரண்டடி பின்னுக்குப் போனார். "பேய்க்கதை கதைக்காதீங்க புள்ள. நேவி முத்திரைய நான் உடைக்கிறதா? புள்ளகுட்டிக்காரன் நான். ஏலா."

அவரைக் குறை சொல்ல முடியாது. முத்திரையைக் கண்டால் விலகி நடக்கப் பழகிய கால்கள்தான் அவளுடையவையும். நாடாவைத் தொட்ட கை ஒரு கணம் அங்கேயே நின்றது. பின்னால் விதானகே ஓடி வருகிற சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவர் சொல்லட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. நகத்தால் கிழித்தாள். கதவைத் தள்ளி, பெரிய இரும்புக் கைபிடியில் இரண்டு கையாலும் தொங்கினாள்.

டக்.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு சுரங்கத்துக்குள்ளிருந்து வந்தது: "எவன்டா லைற்றை நூத்தது? கண்ணு தெரியுதில்லடா!"

இவ்வளவு இனிமையான ஏச்சைக் கௌசிகா தன் வாழ்நாளில் கேட்டதில்லை. சுரண்டப் போன நால்வரில் முதலில் ஹஸன் வந்தான். அவனுக்குப் பின்னால் மற்ற மூவரும், மாவில் புரட்டியெடுத்தவர்கள் போல. சரீப் ஒவ்வொருவரின் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மிஸ்! ஓடி வாங்க!" யன்னலில் இக்ராம் கூத்தாடினார். "ஸ்டார்ட் அடிக்கிறான்! திரும்பத் திரும்ப அடிக்கிறான்! மோட்டருக்குக் கரண்ட் இல்லையெண்டு அவனுக்குத் தெரியா!"

கணினிகள் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தன. கள்ளன் இன்னும் உள்ளே.

மாடி அறை நிரம்பிவிட்டது. தேத்தண்ணியைப் பாதியில் விட்ட கடற்படைப் பொடியன்கள் மடிக்கணினிகளோடு நிலத்தில் குந்தினார்கள். இப்போது திருடனும் காவலும் ஒரே பக்கம்.

"அவனை வைச்சிருக்க வேணும் சேர். பெல்ட் ஓடுது எண்டு எங்கட கொம்பியூட்டர் அவனுக்குப் பொய் சொல்லட்டும்" என்றாள் கௌசிகா.

"சொல்லட்டும்" என்றார் விதானகே. "பெரிய பொய்யாகச் சொல்லட்டும்."

பொய் போயிற்று. அங்கே எங்கோ இருந்தவன் ஸ்டார்ட் அடிப்பதை நிறுத்தினான். பெல்ட் ஓடுகிறதாம்! வேகத்தைக் கூட்டினான். கௌசிகாவின் பற்கள் நெறுநெறுத்தன. அவன் ரசித்துக்கொண்டிருந்த நேரத்துக்குள், கோடு பின்னுக்குப் பின்னுக்கு ஓடி, இயந்திரம் விற்ற கொம்பனி தூரத்திலிருந்து பழுது பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருந்த வழியில் போய் நின்றது. அந்த வழிக்கும் அப்பால் ஒரு கணினியின் முகவரி. ஒரு பொடியன் அதை வாங்கி, சிங்களத்தில் கத்தியபடி தொலைபேசிக்கு ஓடினான்.

வாசலில் யூரியா மணத்தது. ஹஸன் நின்றான். கண் இமைகூட வெள்ளை.

"எங்களை அரைக்கப் பார்த்தவன் இவன்தானா மிஸ்? மூஞ்சையக் காட்டுங்க."

கௌசிகா திரையை அவன் பக்கம் திருப்பினாள். கறுப்பில் ஒரு வரி இலக்கங்கள், அவ்வளவுதான்.

ஹஸன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "மூஞ்சி இல்லையா?"

"ஓம். இப்போதைக்கு இதுதான்."

"அப்ப இதை ஏன் இன்னும் உள்ளுக்கு வெச்சிரிக்கீங்க?"

விதானகே தொலைபேசிப் பக்கம் பார்த்து, முகவரி பதிவாகிவிட்டது என்று தலையசைத்தார். கௌசிகா கதிரையை ஒதுக்கினாள்.

"இஞ்ச வாங்கோ. இந்தக் கட்டையை அமத்துங்கோ. வழி பூட்டுப்படும்."

யூரியா படிந்த விரல் விசைப்பலகையில் இறங்கியது. எவ்வளவு பலமாக அமத்தினான் என்றால், மேசையே ஆடியது.