உப்பும் கரையும்டி

மே மாதத்தில் அப்படி ஒரு மழை அடிக்கும் என்று மரக்காணத்தில் யாரும் நினைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்வரை வாரிக் கரையேற்றிய உப்பு, பாத்திகளின் ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ராத்திரிக் காற்று மேலே கட்டியிருந்த தார்ப்பாயைப் பிய்த்து எறிந்துவிட்டது. விடிந்ததும் சுலோசனா ஓடிவந்து பார்த்தபோது குவியலில் பாதிதான் மிச்சம். மீதி வரப்போரம் சேற்றோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

கூலிக்கு உப்பு வாரியே பாதி ஆயுசைக் கழித்தவர்கள் சுலோசனாவும் அவள் புருஷன் கன்னியப்பனும். அந்த வருஷம்தான் முதல் தடவையாகச் சொந்தமாகக் குத்தகைக்குப் பாத்தி எடுத்திருந்தார்கள். கன்னியப்பன் தலையில் கைவைத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். சுலோசனாவுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்துக் கிழிக்கவேண்டும்போல இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் தையல்நாயகி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

தையல்நாயகியும் சுலோசனாவும் ஒரே வருஷத்தில் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவர்கள். சுலோசனாவுக்கு வலி கண்டபோது இடுப்பைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவளே தையல்நாயகிதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பக்கத்துப் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரினாள். மழைக்கு முந்தின நாள் அந்தப் பக்கமாக வந்தவள், "அடியே சுலோ, உன் உப்ப பாரு, மல்லிப்பூ கணக்கா இருக்குது" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அது ஞாபகம் வந்ததும் சுலோசனாவுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நேத்து நீ பாத்தப்பவே நெனச்சேன்டி! உன் கண்ணு பட்டா உப்பும் கரையும்டி!"

உப்பளம் முழுக்கக் கேட்டது அது. சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தையல்நாயகி கீழே கிடந்த தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, மிச்சமிருந்த உப்பின்மேல் போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து சுலோசனாவும் மறு முனையைப் பிடித்தாள். சில நாள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் சுலோசனா டீ வாங்கிவந்தபோது தையல்நாயகிக்கும் சேர்த்து வாங்கிவந்தாள். அவ்வளவுதான், அது முடிந்துபோனது. முடிந்துபோனதாகத்தான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

ஆனால் அன்றைக்குக் காலையில் செந்தமிழ் அங்கே இருந்தான். சுலோசனாவின் ஒரே மகன். புதுச்சேரியில் ஒலிப்பதிவு படித்துவிட்டு, கூட்டாளிகளோடு சேர்ந்து 'அளம்' என்று ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தான். கிட்டார் அவன், டிரம்ஸ் அந்தோணிசாமி. மெட்டு ஒன்று கையில் இருக்கிறது, பாட்டுதான் வரமாட்டேன் என்கிறது என்று ஊருக்கு வந்தவன், தார்ப்பாய் காற்றில் அடிக்கும் சத்தத்தையும் பம்ப்செட் சத்தத்தையும் பதிவுசெய்ய மைக்கோடு வரப்பில் நின்றிருந்தான். அம்மாவின் குரலும் அதில் விழுந்துவிட்டது.

புதுச்சேரியில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் அதைப் போட்டுக் கேட்டபோது அந்தோணிசாமிதான் துள்ளி எழுந்தானாம். "டேய், இன்னாடா கொரலு இது! இதுதாண்டா பாட்டு!" என்று மேளக்குச்சியால் சுவரில் தட்டினானாம். முதலில் தார்ப்பாய் படபடக்கும். பம்ப்செட்டின் தாளத்திலேயே டிரம்ஸ் ஏறும். திடீரென்று எல்லாம் நிற்கும். அந்த அமைதியில் சுலோசனாவின் குரல் ஒற்றையாக வெடிக்கும்: 'உன் கண்ணு பட்டா உப்பும் கரையும்டி!' உடனே கிட்டார் பாயும். மற்ற வரிகளை செந்தமிழ் எழுதினான். ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்துக் கிறங்கிப்போனவன் பாடுகிற காதல் பாட்டாக அது ஆகிவிட்டது.

"அம்மா, உன் கொரல இதுல வெச்சுக்கட்டுமா?" என்று போனில் போட்டுக் காட்டினான்.

சுலோசனா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "கருமம், நானா இது? வெச்சுக்கோ, வெச்சுக்கோ. நல்லாத்தான் இருக்குது."

தையல்நாயகியைப் பற்றி அப்போது அவளுக்கு நினைப்பே வரவில்லை.

பொங்கலுக்குள் பாட்டு எங்கேயோ போய்விட்டது. ஈசிஆரில் போகிற கார்களில் அதுதான். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் பாடினான். கல்லூரிப் பெண்கள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு ரீல்ஸ் போட்டார்கள். டிவியில் பேட்டி எடுத்தவர்கள் அந்தக் குரல் யாருடையது என்று கேட்டபோது, செந்தமிழ் பெருமையாகச் சொன்னான்: "எங்கம்மா. மரக்காணம் உப்பளத்துல பக்கத்துப் பாத்தி அக்காவோட ஒரு சண்ட. அதுல வந்ததுதான்."

அதற்கப்புறம் சுலோசனா பஸ் ஸ்டாண்டில் நின்றால் பெண்கள் வந்து செல்ஃபி கேட்டார்கள். கூனிமேட்டுத் துணிக்கடையில் பாய், "எம்மா, ஒரு தடவ சொல்லிக் காட்டுங்களேன்" என்றார். அவளும் கொஞ்சம் வெட்கப்பட்டு, கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிக் காட்டினாள். வாழ்க்கையில் யாரும் அவளை நின்று பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

மற்ற ஊர்களில் அது காதல் பாட்டு. மரக்காணத்தில் எல்லாருக்கும் அந்தக் கண் யாருடையது என்று தெரியும். தையல்நாயகி தெருவில் வந்தால் பிள்ளைகள் பாடிக்கொண்டே ஓடினார்கள். யாரோ ஒருத்தி கைக்குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. அப்புறம் விளையாட்டுக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. மாசி பிறந்து முதல் உப்பு வாருவதற்குப் பூஜை போடுகிற நாளில் மேஸ்திரி அப்பாவு தையல்நாயகியைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காத தையலு. நீ நாளைக்கு வாயேன். இன்னிக்கு மொத வாரு பாரு, அதான்" என்றார்.

சுலோசனா அங்கேதான் சூடத் தட்டோடு நின்றிருந்தாள். தையல்நாயகி அவளைப் பார்த்தாள். சுலோசனா குனிந்து காலில் ஒட்டியிருந்த சேற்றை வழிக்க ஆரம்பித்தாள். நிமிர்ந்தபோது தையல்நாயகி கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அவ வராம நான் வாரமாட்டேன்' என்று சொன்னால் அப்பாவு என்ன செய்திருப்பார்? அன்று முழுக்க சுலோசனா அதையே நினைத்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும் என்றும் நினைத்தாள். ஆனால் போகவில்லை.

மாசிமகத்துக்கு சாமிகள் கடலாட வந்த அன்று, கடற்கரையில் மேடை போட்டு அளம் பேண்டின் கச்சேரி வைத்தார்கள். சொந்த ஊர்ப் பிள்ளைகள் என்பதால் அனுமந்தையிலிருந்தெல்லாம் ஜனம் வந்து நின்றது. சூரியன் இறங்குகிற நேரம் அந்தப் பாட்டு வந்தது. டிரம்ஸ் ஏறி நின்றது. செந்தமிழ் மைக்கைப் பிடித்து, "இந்த வரிய சொல்றதுக்கு சொந்தக்காரங்களே வந்திருக்காங்க. அம்மா, மேல வா!" என்றான்.

சுலோசனா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கன்னியப்பனே பின்னாலிருந்து தள்ளினான். மேலே ஏறிப் பார்த்தால் கடல்வரைக்கும் தலைகள். எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கை வாயருகே கொண்டுபோனாள். மழை பெய்த அன்று கத்தியதைவிட நன்றாகக் கத்தினாள். கையை நீட்டி, இடுப்பை ஒடித்து, கண்ணை உருட்டிக் கத்தினாள்.

கூட்டம் எகிறிக் குதித்தது. அப்போது நீட்டிய கைக்கு நேராக, வளையல் கடைக்குப் பக்கத்தில் தையல்நாயகி நிற்பதை சுலோசனா பார்த்தாள். அவளுக்கு முன்னாலேயே மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். யாரோ ஒருத்தன், "அதோ, அதோ கண்ணு!" என்று கத்தினான். நாலைந்து பேர் செல்போன் விளக்கை அவள் முகத்தில் அடித்தார்கள். சில பேர் ஐயோ என்று பயந்ததுபோல நடித்து முகத்தை மூடிக்கொண்டார்கள். தையல்நாயகி கண் கூசி, கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு சுற்று சுற்றினாள். அப்புறம் ஜனத்துக்குள் புகுந்து மறைந்தாள்.

நீட்டிய கையை மடக்கவேண்டும் என்றுகூட சுலோசனாவுக்குத் தோன்றவில்லை. பாட்டு முடிகிறவரை அவள் மேடையிலேயே நின்றாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

அதற்கடுத்த வாரம் தையல்நாயகியின் வீடு பூட்டிக் கிடந்தது. வானூர்ப் பக்கம் ஏதோ லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்குப் போய்விட்டாள் என்று மீன் விற்கிற மலர்கொடி சொன்னாள். யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

சுலோசனா மகனுக்குப் போன் போட்டாள். "அந்தப் பாட்ட எடுத்துடுப்பா. வேணாம்."

"எடுக்கறதா? எங்கேந்துமா எடுக்கறது? அது எல்லார் போன்லயும் இருக்குது."

"என் கொரலயாவது எடு."

செந்தமிழுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "தையல் அக்காவ நான் நெனச்சே பாக்கலம்மா. டிவில வேற சொல்லிட்டேன்" என்றான்.

அவன் ஒரு காரியம் செய்தான். புதுச்சேரியில் அடுத்து நடந்த கச்சேரியில், அந்த இடம் வந்ததும் பதிவை ஓடவிடாமல் நிறுத்திவிட்டான். அமைதியாகக் கடந்துபோய்விடும் என்று நினைத்திருக்கிறான். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அந்த வரியைக் கத்தினார்கள். யாரோ எடுத்த வீடியோவை அம்மாவுக்கு அனுப்பி, 'என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா' என்று கீழே எழுதியிருந்தான். சுலோசனா அதைப் பார்த்தாள். முன்பின் தெரியாத பெண்கள், அவள் இழுத்த மாதிரியே 'டி'யை இழுத்தார்கள்.

மறுநாள் அவள் பஸ் மாறி மாறி வானூருக்குப் போனாள். ஹாஸ்டலைக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. பின்பக்கச் சமையற்கட்டில் தையல்நாயகி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி கீரைக்குக் குனிந்தாள்.

"ஊருக்கு வந்துடு தையலு" என்றாள் சுலோசனா. "மேஸ்திரிகிட்ட நான் பேசறேன். எல்லார் முன்னாலயும் பேசறேன்."

"எதுக்கு?"

"நான் வாய் வுட்டது தப்புதான். உப்பு போன ஆத்திரத்துல..."

"அத வுடு" என்றாள் தையல்நாயகி. "மழ பேஞ்ச அன்னிக்கு நீ கத்தனத நான் அன்னிக்கே மறந்துட்டேன். வயிறு எரிஞ்சவ கத்துவா. உம் புள்ள பாட்டு போட்டதையும் நான் தப்பா நெனைக்கல. அவன் சின்னப்புள்ள, அவனுக்கு இன்னா தெரியும். மேடையில ஏறி சொன்னியே சுலோ. அப்ப உனக்கு இன்னா எரிஞ்சிது?"

சுலோசனா வாயைத் திறந்தாள். எரியவில்லை, சந்தோஷமாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

மாடியில் யாரோ போனில் பாட்டு வைத்தார்கள். அதே பாட்டுதான். தையல்நாயகி அண்ணாந்து பார்த்துவிட்டு, "தெனம் போடுதுங்க" என்றாள். "இங்க யாருக்கும் என்னத் தெரியாது. அக்கா கண்ணு அழகா இருக்குதுன்னு ஒரு பொண்ணு என்னியப் பாத்தே அத பாடுது. எனக்குச் சிரிப்பா வரும். நான் அங்க வரல. இங்கியே இருந்துக்கறேன்."

பேச்சு அதோடு முடிந்தது. சுலோசனா கிளம்ப எழுந்தபோது, தையல்நாயகி ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி முன்னால் வைத்தாள். "சாப்டு. பஸ்ஸு இன்னும் நேரமாவும்."

மன்னித்துவிட்டாளா, பசியோடு வந்தவளை அனுப்ப மனம் வரவில்லையா என்று சுலோசனாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. குனிந்து சாப்பிட்டாள். அப்போது கல்லூரிப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தாள்.

"யாருக்கா இது?"

"எங்க ஊர்க்காரி" என்றாள் தையல்நாயகி.

"மரக்காணமா? அய்யோ, அந்தப் பாட்டு ஊரு! உங்களுக்கு அதுல கத்தறவங்களத் தெரியுமா ஆன்ட்டி?"

சுலோசனா வாயிலிருந்த சோற்றை மென்றுகொண்டே இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு சொல் பேசினாலும் அந்தப் பெண் குரலை அடையாளம் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. தையல்நாயகி சுலோசனாவை ஒரு நிமிஷம் பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. கீரைக் கூடையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.